மலைக்கு இருபுறமும் காகிதங்கள்: தேனி–இடுக்கி எல்லைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை பெற்றுத்தரும் வழி

உதவித்தொகை கேட்டு வரும் பிள்ளையிடம் நான் முதலில் மதிப்பெண்ணை விசாரிப்பதில்லை. வீட்டு ரேஷன் அட்டை தமிழ்நாட்டு அட்டையா, கேரளத்து அட்டையா என்றுதான் கேட்கிறேன். கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரத்தில் இருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறும் குடும்பங்களுக்கும், வண்டிப்பெரியாறு, பீருமேடு, மூணாறு பகுதிகளில் தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழும் குடும்பங்களுக்கும் இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்வது பெரும்பாலும் முடிவதில்லை. அப்பாவின் வாக்காளர் அட்டை மலைக்கு மேலே கேரளத்தில் இருக்கும்; பாட்டியின் ரேஷன் அட்டை கீழே தமிழ்நாட்டில் இருக்கும்; பிள்ளையின் ஆதாரில் தோட்டத்து முகவரியும், பள்ளி மாற்றுச் சான்றிதழில் கம்பத்து முகவரியும் இருக்கும். திட்டங்கள் இல்லாததால் பணத்தை இழந்த பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் இழந்தவர்களே மிகுதி.

ஆகவே இந்தக் குறிப்பு, இத்தகைய பிள்ளைகளுக்குத் துணைநிற்கும் ஆசிரியர்கள், தொழிற்சங்கப் பொறுப்பாளர்கள், குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதித்த அக்கா அண்ணன்மார் ஆகியோருக்காக, காகிதத்தில் தொடங்கிப் பணத்தில் முடியும் வரிசையில் எழுதப்படுகிறது.

எந்த மாநிலத்துப் பிள்ளை?

அரசு உதவிகளில் பெரும்பகுதியை மாநில அரசுகளே வழங்குகின்றன. மத்திய அரசின் பங்கு உள்ள பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையைக்கூட, பிள்ளை எந்த மாநிலத்தில் படிக்கிறது என்று பார்த்து அல்ல, எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று பார்த்து அந்த மாநிலமே வழங்குகிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த பிள்ளை கட்டப்பனை அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் விண்ணப்பம் தமிழ்நாட்டுக்கும், கேரளத்தைச் சேர்ந்த பிள்ளை உத்தமபாளையத்தில் சேர்ந்தால் விண்ணப்பம் கேரளத்துக்கும் போக வேண்டும். கல்லூரி இருக்கும் பக்கத்திலேயே விண்ணப்பித்துவிட்டு ஓராண்டு காத்திருந்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

சாதிச் சான்றிதழில்தான் முடிச்சு இறுகுகிறது. பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950-இல் வந்தது. அந்த ஆண்டுக்கு முன்பே குடும்பம் கேரள எல்லைக்குள் குடியிருந்தது என்பதற்கு ஆதாரம் காட்டினால்தான் அங்கே பட்டியல் சாதிச் சான்றிதழ் எளிதாகக் கிடைக்கும். ஒரு மாநிலத்திலிருந்து வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவருக்கு, குடிபெயர்ந்த இடத்தில் அந்தச் சலுகை தொடராது என்று உச்ச நீதிமன்றமும் 1990-இல், ஆந்திரத்திலிருந்து மும்பைக்குச் சென்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவ மாணவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. லயத்து வீடு கம்பெனியின் சொத்து. தொழிலாளியின் பெயரில் பட்டாவும் இல்லை, வீட்டு வரி ரசீதும் இல்லை. அந்த நிலையில் தேடத் தகுந்தவை மூன்று: தோட்ட நிர்வாகத்திடம் உள்ள பழைய ஆள் பதிவேடு, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, தாத்தாவோ பாட்டியோ படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகல். இவற்றில் ஒன்று கிடைத்தாலும் கேரளத்து வில்லேஜ் ஆபீஸில் (கிராம வருவாய் அலுவலகத்தில்) பேச்சு வேறு விதமாகத் தொடங்கும்.

1950-க்கு முந்தைய ஆதாரம் ஏதும் கிடைக்காத குடும்பம் மனம் தளர வேண்டியதில்லை. அப்பாவின் சொந்த ஊர் வட்டாட்சியர் அலுவலகத்தில் அப்பாவின் பெயருக்குச் சாதிச் சான்றிதழ் எடுத்துவிட்டால், அதை அடிப்படையாக வைத்துக் குடியிருக்கும் மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்கு 'குடிபெயர்ந்தோர்' படிவத்தில் சான்றிதழ் வழங்க விதி இருக்கிறது. அந்தச் சான்றிதழால் கேரளத்து மாநிலச் சலுகை கிடைக்காது; பூர்வீக மாநிலத்துச் சலுகையும் மத்திய அரசின் சலுகையும் கிடைக்கும். இந்த வேறுபாட்டைப் பெற்றோருக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் பணம் வரவில்லையே என்று நம்மிடமே வருத்தப்படுவார்கள்.

தமிழ்நாட்டுச் சான்றிதழ்களில் ஒரு புதிய சிக்கலும் உண்டு. 2021-இல் பள்ளர், குடும்பர், பண்ணாடி, காலாடி உள்ளிட்ட ஏழு பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ் சட்டத்தால் கொண்டுவரப்பட்டன. அப்பாவின் சான்றிதழில் பழைய பெயரும் பிள்ளையின் சான்றிதழில் புதிய பெயரும் இருக்கும்போது, மலைக்கு மேலே உள்ள அலுவலர் அதை இரண்டு சாதியாக வாசிக்கக்கூடும். இரண்டும் ஒன்றே என்பதை விளக்கி, சட்டத் திருத்தத்தின் நகலை இணைத்துக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும்.

கேரள அலுவலகங்களில் மலையாளம் எழுதத் தெரியவில்லை என்பதற்காக யாரையும் காசு கொடுத்து மனு எழுதச் சொல்ல வேண்டாம். தமிழர் மொழிச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் தமிழிலேயே மனு கொடுக்கவும் தமிழிலேயே பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. இந்த உரிமையைக் கேட்டுப் பெறுகிறவர்கள் மிகக் குறைவு.

இரண்டு மாநிலத்திலும் ரேஷன் அட்டை வைத்திருக்கும் வீடுகளைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அது சட்டப்படி தவறு என்பது ஒருபுறம் இருக்க, இரண்டு அட்டைகளும் ஆதாரோடு இணைக்கப்பட்டிருப்பதால் வருமானச் சான்றிதழ் சரிபார்ப்பில் அது பிள்ளைக்கு எதிராகவே வேலை செய்யும். பிள்ளை பத்தாம் வகுப்பை முடிப்பதற்குள் குடும்பம் உட்கார்ந்து பேசி ஒரு பக்கத்தை முடிவு செய்து, மற்றதை ஒப்படைத்துவிடுவது நல்லது.

பெயரும் எழுத்தும்

தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியின் காகிதங்களை மேசைமேல் பரப்பி வைத்துப் பார்த்த நாள் நினைவில் இருக்கிறது. அப்பா பெயர் முருகன். தமிழ்நாட்டு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'ஜி' எழுத்துப் போட்டிருந்தார்கள். மலையாளத்தில் அந்தப் பெயரை எழுதும் வழக்கப்படி, கேரளத்து வாக்காளர் அட்டையில் அதே இடத்தில் 'கே' எழுத்து இருந்தது. பிள்ளையின் பெயர் தமிழ்ச்செல்வி. அதிலுள்ள ழகரத்துக்குப் பள்ளிச் சான்றிதழில் 'எல்' எழுத்து, ஆதாரில் 'இசட்', 'எச்' சேர்ந்த எழுத்துகள். ஓரிடத்தில் முதலெழுத்து மட்டும், வேறோரிடத்தில் அப்பாவின் முழுப்பெயர். வீட்டில் ஒரே பெயராக இருந்தது, கணினிக்கு நான்கு வெவ்வேறு ஆட்களாகத் தெரிந்தது.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இப்போது ஒருமுறைப் பதிவு என்ற முறையில் ஆதாரை வைத்தே பதிவு தொடங்குகிறது. ஆகவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை மூலக் காகிதமாக எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்பத் திருத்துவதுதான் சரியான வழி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும் மட்டுமே திருத்த முடியும் என்பதால், வீட்டில் யாரோ ஒருவர் கூப்பிட்டார் என்று அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்கிவிடக் கூடாது. பதினோராம் வகுப்புக் கோடை விடுமுறையே இதற்கு ஏற்ற காலம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பிறகு சேர்க்கை மையங்களில் நிற்கும் கூட்டத்தில் இந்த வேலையைச் செய்து முடிப்பது கடினம்.

எந்தப் பக்கத்தில் என்ன கிடைக்கும்

தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது; 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய இத்திட்டம் பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கியது. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு இது 36,000 ரூபாய் ஆகும். வேறு உதவித்தொகை பெறுகிறவரும் இதைப் பெறலாம். மருத்துவத்திலும் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளிலும் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் இதே 6 முதல் 12 வரையிலான தமிழ்நாட்டு அரசுப் பள்ளி நிபந்தனை உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

இங்கே எல்லைப் பெற்றோர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்குக் கம்பத்தில் பாட்டி வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். அந்தப் பிள்ளை தமிழே படித்திருந்தாலும் அந்த மூன்று வகுப்புகள் கேரளத்தில் படித்தவை என்பதால் மேற்சொன்ன எதுவும் கிடைக்காது. கல்லூரி உதவிக்கான ஆலோசனையை நான் ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் தொடங்குவதற்கு இதுவே காரணம். சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முதல் பட்டதாரிச் சலுகையைக் குறித்துக் கேள்வி அதிகம் வருகிறது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாத நிலையில், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் அரசு தள்ளுபடி தருகிறது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே கிடைக்கும். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் தமிழ்நாட்டில் படிக்காத பிள்ளை, கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்றிதழும் எடுத்துவைக்க வேண்டும். சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குப் பெற்றோரின் உறுதிமொழி தேவை. ஜீப்பில் ஐந்தரைக்குக் கிளம்பி மாலை இருட்டும்போது இறங்கும் அம்மாவுக்கு, கையெழுத்துப் போட அலுவலகம் வருவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். ஏலக்காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் அந்த நாளைக் கேட்பதற்கே நமக்கு மனம் வராது. எனவே எடுப்புத் தொடங்கும் முன்பே, கோடையில், இருப்பிடம், வருமானம், சாதி, முதல் பட்டதாரி ஆகிய நான்கையும் ஒரே பயணத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். வருமானச் சான்றிதழை மட்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்க நேரிடும்.

தனியார் கல்லூரிகளின் தரகர்கள் தேர்வு முடிவுக்கு முன்பே லயங்களுக்கு வந்து, "சர்ட்டிபிகேட்டை மட்டும் கொடுங்கள், ஸ்காலர்ஷிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப் போகிறார்கள். அப்படி நேரடியாக நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை, பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் தொகையும் இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவனின் மூலச் சான்றிதழ்களை ஒரு கல்லூரி தராமல் வைத்துக்கொண்டது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் சிறு செயலாக்கக் கட்டணம் போகக் கட்டணம் முழுவதையும் திருப்பித்தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது என்பதை எழுத்தில் எடுத்துக்காட்டிய பிறகுதான் அவை திரும்பி வந்தன.

போஸ்ட் மெட்ரிக் தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டணத்தோடு பராமரிப்புத் தொகையும் உண்டு. சாதாரணப் பட்டப்படிப்பில் விடுதியில் தங்குகிறவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், வீட்டிலிருந்து போகிறவருக்கு 3,000 ரூபாய். கிறித்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதிக் குடும்பங்கள் தோட்டங்களில் நிறைய உள்ளன. தமிழ்நாட்டில் அவர்களுக்கும் ஆதிதிராவிடர் நலத்துறை வழியே மாநில அரசின் உதவித்தொகை கிடைக்கிறது. கேரளத்தைச் சேர்ந்தவர்கள் அக்ஷயா மையத்தில் (அங்குள்ள இ-சேவை மையம்) இ-கிராண்ட்ஸ் என்ற உதவித்தொகைத் தளத்தின் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர், பிற தகுதிபெற்ற சமூகத்தினர் ஆகிய எல்லோருக்கும் அதே தளம்தான்.

என்னைக் கேட்டால், உதவித்தொகையைவிட அரசு விடுதி பெரிய உதவி. மலையிலிருந்து தினமும் இறங்கி ஏறும் பேருந்துச் செலவும் நேரமும், வெளியில் அறை எடுத்தால் ஆகும் வாடகையும் சாப்பாடும், எந்த உதவித்தொகையையும் விழுங்கிவிடும். கல்லூரிச் சேர்க்கை முடிந்த அன்றே விடுதி விண்ணப்பத்தையும் கொடுத்துவிட வேண்டும்.

சாதியை வைத்து இல்லாமல் மதிப்பெண்ணை வைத்து வருவன சில. பன்னிரண்டாம் வகுப்பில் தன் தேர்வு வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையாகப் பட்டப்படிப்பின் முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் இதைப் பெறுகிறவர் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது. ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகரித்த பொறியியல் அல்லது பட்டயப் படிப்பில் சேரும் பெண்பிள்ளைக்கு, வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், பிரகதி திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்குக் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு சக்ஷம், பெற்றோரை இழந்தவர்களுக்கு ஸ்வநாத் என்று அதே தொகையில் வேறு திட்டங்கள் உள்ளன. போடியில் இருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போகும் நம் பெண்கள் பிரகதியை விட்டுவிடக் கூடாது. தெற்கே செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் தாய்மார்களின் பிள்ளைகளுக்குத் தொழிலாளர் நல அமைப்பின் தனி உதவித்தொகை தேசியத் தளத்திலேயே இருக்கிறது. அதற்கு அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும். தேயிலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தேயிலை வாரியமும் உதவுகிறது. விவரத்தைத் தோட்ட அலுவலகத்தில் கேட்கலாம்.

கடனைக் கடைசியாகவே சொல்வேன். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம், 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை வீடோ நிலமோ அடமானம் தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம்.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது

விண்ணப்பம் ஏற்கப்பட்டு, தொகையும் அனுப்பப்பட்டுவிட்டதாகத் தளம் காட்டிய பிறகு, "டீச்சர், பாஸ்புக்குல ஒண்ணும் ஏறலையே" என்று ஓர் அம்மா வந்து நின்றார். விண்ணப்பத்தில் எழுதிய கணக்கில் பணம் இல்லை. விசாரித்தபோது, பிள்ளை எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் நடந்த ஒரு முகாமில் விரல் ரேகை வைத்துத் திறந்த கணக்குக்கு அது போயிருந்தது தெரிந்தது. நேரடிப் பணப் பரிமாற்றத்தில் தொகை, படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு பணப்பரிமாற்றத்துக்காக இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு, இந்த இணைப்பு வேறு. ஆதார் இணையதளத்திலேயே 'வங்கி இணைப்பு நிலை' என்ற பகுதியில் இதைப் பார்த்துவிடலாம். விண்ணப்பிக்கும் முன்பே பார்த்து, தேவையானால் வங்கியில் படிவம் எழுதிக் கொடுத்து மாற்றிவிட வேண்டும். மூன்று ஆண்டுகளாக ஒரு வரவும் இல்லாமல் கிடக்கும் கணக்கு முடங்கியிருக்கலாம். நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கைபேசி எண்ணிலும் இதே கவனம் வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தம் எண்ணைப் போட்டுவிடுவார். அடுத்த ஆண்டு புதுப்பிக்கப் போனால் ஓடிபி அவருக்குப் போகும், அவரோ கடையைக் காலி செய்துவிட்டுத் திருப்பூர் போயிருப்பார். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காவிட்டாலும் பிள்ளையின் சொந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அந்தச் சிம்மைப் படிப்பு முடியும் வரை மாற்றக் கூடாது. நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்து, விண்ணப்ப எண், கடவுச்சொல், கொடுத்த தேதி, வாங்கிக்கொண்டவரின் பதவி ஆகியவற்றை எழுதச் சொல்கிறேன். நோட்டை அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், அது தொலைவதில்லை.

திருப்பி அனுப்பப்பட்டால்

இணையத்தில் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதன் பிறகு கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ போகும். குறை இருந்தால் திருத்துவதற்காகத் திரும்பி வரும். அதைக் கெடுவுக்குள் திருத்தாவிட்டால் ஓராண்டு போய்விடும். ஆகவே சமர்ப்பித்த பதினைந்து நாளில் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை தளத்தில் நிலையைப் பார்க்க வேண்டும். நோட்டில் நான் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்கிக் கட்டம் போட்டுக் கொடுப்பதுண்டு.

நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லப்படும் காரணமும் கோப்பில் உள்ள காரணமும் சில நேரம் வேறாக இருக்கும். தமிழ்நாட்டில் திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளலாம். அதிலும் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "என் விண்ணப்பம் இன்று யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டால் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நீண்ட மனுவைவிட இந்த இரண்டு வரிகளுக்குக் கோப்பு விரைவாக நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். பதில் வருவதற்கு முன்பே பணம் வந்துவிட்ட வீடுகளும் எங்கள் பகுதியில் உண்டு.